களமே கல்விக்கூடம்

நுழையும்முன்

பறவையின் படத்தைப் புத்தகத்தில் பார்க்கலாம். அதன் வாழ்க்கையை வயலிலும் ஏரிக்கரையிலும்தான் பார்க்க இயலும். பட்டம் பெறாத ஒருவர் களத்தையே தம் பல்கலைக்கழகமாகக் கொண்டு உலகம் போற்றும் பறவையியல் அறிஞராக உயர்ந்தார். அவர் நடந்த தடம் காவிரிப் படுகையின் கடற்கரை வரை நீண்டுள்ளது. அவருடைய வாழ்வை அறிவது, நம் ஊரின் நீர்நிலைகளை வகுப்பறைகளாகக் காணும் கண்ணைப் பெறுவதும் ஆகும்.

நெல்வயலின் நெசவாளர்

காவிரியின் கிளையாறுகளும் வாய்க்கால்களும் பாயும் நெல்வயல்களின் நடுவே அமைந்த ஊர் குடவாசல். சங்கப் புலவர் குடவாயிற் கீரத்தனார் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட குடவாயில் இவ்வூரே. இதற்கு வடமேற்கே, கும்பகோணத்தை அடுத்துள்ளது சத்திமுற்றம். அவ்வூர்ப் புலவர் ஒருவர், வறுமையால் வாடிய தம் நிலையை மனைவிக்குத் தெரிவிக்குமாறு நாரையை வேண்டிப் பாடினார். நாரையின் சிவந்த காலையும் கூரிய அலகையும் நுட்பமாக நோக்கிய அப்புலவர், அது தெற்கே குமரிக்கும் வடக்கே நெடுந்தொலைவுக்கும் பறந்து திரும்பும் பறவை என்பதையும் அறிந்திருந்தார். பறவையை உற்றுநோக்கும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதியதன்று.

இன்றும் குடவாசலைச் சுற்றியுள்ள வயல்வெளிகளில், வரப்போரப் பனைகளின் மட்டைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் காற்றில் ஆடுவதைக் காணலாம். நெல்தாளையும் புல்லையும் நார்நாராகக் கிழித்து இக்கூட்டைப் பின்னுவது ஆண்குருவி. கூட்டினுள் ஈரமண்ணை அப்பி, அதில் மின்மினியை ஒட்டவைத்து விளக்கேற்றும் என்று ஊர்ப்பெரியவர்கள் கதை சொல்வார்கள். மண் இருப்பது உண்மை. விளக்கு இருப்பது கதை. எது உண்மை, எது கதை என்று பிரித்தறிய ஒரே வழி, கூட்டின் அருகே அமைதியாக அமர்ந்து நாள்தோறும் பார்ப்பதுதான். அப்படி அமர்ந்து, இக்குருவியின் குடும்ப வாழ்வை உலகுக்கு முதன்முதலில் விளக்கியவர் சலீம் அலி.

ஒரு சிட்டின் வழியே

சலீம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் மும்பையில் பிறந்தார். குடும்பத்தின் கடைசிக் குழந்தை அவர். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜி, அவருடைய துணைவியார் ஹமீதா பேகம் ஆகியோரின் அரவணைப்பில் உடன்பிறந்தாருடன் வளர்ந்தார்.

வேட்டையாடுவது வீரமாகக் கருதப்பட்ட காலம் அது. சிறுவன் சலீமின் கையிலும் ஒரு விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி இருந்தது. ஒருநாள் அவன் சுட்டு வீழ்த்திய சிட்டின் கழுத்தில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று தெரிந்தது. வீட்டுக் கூரையில் வாழும் சிட்டுகளிடம் அவன் அந்நிறத்தைக் கண்டதில்லை. அது என்ன பறவை என்று மாமாவிடம் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை. ஆனால், தெரிந்தவர்கள் இருக்கும் இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டுக்கு அறிமுகக் கடிதம் எழுதி, சிறுவனை அங்கே அனுப்பினார்.

இயற்கையில் ஆர்வம் கொண்ட எட்டுப் பேர் சேர்ந்து 1883-இல் தொடங்கிய அமைப்பு அக்கழகம். ஓய்வு நேரத்தில் தாம் கண்ட விலங்குகளையும் பறவைகளையும் பற்றிப் பேசிக்கொள்ளவும், சேகரித்தவற்றைப் பாதுகாக்கவும் அவர்கள் கூடினர். அங்கே தயங்கித் தயங்கி நுழைந்த சிறுவனை மில்லார்டு திருப்பி அனுப்பவில்லை. அவன் கொண்டுவந்தது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார். இழுப்பறைகளைத் திறந்து, பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். படிப்பதற்கு நூல்களும் கொடுத்தார். பறவை உடலைப் பதப்படுத்தும் முறையையும் குறிப்பெழுதும் முறையையும் சிறுவன் அங்கே பயின்றான்.

ஒரு சிறுவனின் கேள்விக்குப் பெரியவர்கள் நேரம் ஒதுக்கினார்கள். அந்தச் சிறு செயல் இந்தியப் பறவையியலின் போக்கையே மாற்றியது. பல ஆண்டுகள் கழித்து, 1985-இல், தம் தன்வரலாற்றை வெளியிட்டபோது, வீழ்ந்த அந்தச் சிட்டின் நினைவையே நூலின் தலைப்பாக வைத்தார் சலீம் அலி.

பட்டம் இல்லாத ஆய்வாளர்

பள்ளிப்படிப்பை முடித்துப் புனித சேவியர் கல்லூரியில் சேர்ந்த சலீம் அலியால் அங்கு நிலைக்க முடியவில்லை. படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத்தொழிலையும் கவனிப்பதற்காகப் பர்மாவின் தவாய்ப் பகுதிக்குச் சென்றார். வணிகம் அவருக்குக் கைகூடவில்லை. ஆனால், அப்பகுதியின் காடுகள் அவருடைய பறவை அறிவை வளர்த்தன. 1917-இல் மும்பை திரும்பியவர், வணிகச் சட்டமும் கணக்கியலும் பயின்றார். புனித சேவியர் கல்லூரியின் அருட்தந்தை பிளாட்டர் அவருடைய இயல்பான நாட்டத்தைக் கண்டு, விலங்கியலைப் பயிலுமாறு ஊக்குவித்தார். 1918-இல் தெமினாவை மணந்தார்.

இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பறவையியலாளர் பணியிடம் ஒன்றுக்கு அவர் முயன்றார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அப்பணி கிடைக்கவில்லை. பின்னர் 1926-இல் மும்பை வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் புதிதாகத் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்றுப் பிரிவில் விளக்கவுரையாளராகச் சேர்ந்தார். கண்ணாடிப் பேழைகளில் இருந்த பறவைகளையும் விலங்குகளையும் பற்றிப் பார்வையாளர்களுக்கு எடுத்துரைப்பது அவருடைய பணி. தமக்கு மில்லார்டு செய்ததை அவர் பிறருக்குச் செய்யத் தொடங்கினார்.

எனினும், முறையான பயிற்சி தமக்குத் தேவை என்பதை உணர்ந்தார். 1928-இல் விடுப்புப் பெற்று ஜெர்மனிக்குச் சென்றார். பெர்லின் அருங்காட்சியகத்தில் பறவையியல் பேரறிஞர் எர்வின் ஸ்ட்ரெஸ்மனின் வழிகாட்டலில் பயின்றார். ஹெலிகோலாந்துத் தீவில், பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுவிக்கும் முறையைக் கற்றார். அக்காலத்தில் பெர்லினில் வாழ்ந்த விடுதலை வீரர் செண்பகராமனைச் சந்திக்கும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது.

கீகிம் தந்த விடை

உயர்பயிற்சியுடன் 1930-இல் நாடு திரும்பியவருக்கு அதிர்ச்சி காத்திருந்தது. நிதிப் பற்றாக்குறையால் அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. வருவாய் இல்லாத நிலையில் மும்பைக்கு அருகே கீகிம் என்னும் கடற்கரைச் சிற்றூருக்குத் தெமினாவுடன் குடிபெயர்ந்தார். அங்கே, அவர் வாழ்ந்த வீட்டின் அருகிலேயே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டின.

வேலை இழந்த மழைக்காலத்தை அவர் வீணாக்கவில்லை. கூடுகளின் அருகே மறைவிடம் அமைத்து, நாள்தோறும் பல மணிநேரம் உற்றுநோக்கினார். எந்த ஆண்குருவி எந்தக் கூட்டைக் கட்டுகிறது, பெண்குருவி எப்போது வருகிறது, எந்த நிலையில் கூட்டை ஏற்கிறது என்று ஒவ்வொன்றையும் குறித்தார். மெல்ல மெல்ல உண்மை துலங்கியது. ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண்குருவி வந்து உள்ளே புகுந்து சோதிக்கிறது. பிடித்திருந்தால் அதில் தங்குகிறது. அதன்பின்னரே ஆண்குருவி நீண்ட குழல்போன்ற நுழைவாயிலை அமைத்துக் கூட்டை முடிக்கிறது. பெண்குருவி முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண்குருவி அருகிலேயே அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு துணையைத் தேடுகிறது. பனையில் தொங்கும் கூடுகளுள் பல ஏன் அரைகுறையாக நிற்கின்றன என்னும் கேள்விக்கும் இதில் விடை இருந்தது. அவை பெண்குருவியால் ஏற்கப்படாத கூடுகள்.

1931-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் வெளியான இக்கட்டுரை, பட்டமில்லாத அவருக்கு உலக அறிஞர்களிடையே இடம்பெற்றுத் தந்தது. விலையுயர்ந்த கருவிகள் எவையும் அந்த ஆய்வுக்குத் தேவைப்படவில்லை. எல்லோரும் நாள்தோறும் கடந்துசெல்லும் ஒரு காட்சியைப் பொறுமையுடன் பார்த்த கண்களும், பார்த்ததை அன்றே எழுதிய கையும் போதுமானவையாக இருந்தன.

ஊர் ஊராகக் களப்பணி

இதன்பின் சலீம் அலி தம் வாழ்வைக் கள ஆய்வுக்கே ஒப்படைத்தார். அன்றைய சுதேச அரசுகள் பயணச் செலவையும் முகாம் செலவையும் ஏற்றால் போதும், ஊதியமின்றி அவர்களுடைய நாட்டுப் பறவைகளை ஆராய்ந்து தருவதாக அறிவித்தார். ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி, மைசூர் எனப் பல பகுதிகளில் காடுமேடுகளைக் கடந்து பறவைகளைக் கணக்கெடுத்தார். முகாம்களில் உடனிருந்து எல்லா ஏற்பாடுகளையும் கவனித்தவர் தெமினா. 1939-இல் அவர் மறைந்தது சலீம் அலிக்குப் பேரிழப்பு. அத்துயரிலிருந்து அவரை மீட்டதும் களப்பணியே.

1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களுடன் எளிய நடையில் அமைந்த அந்நூல், அறிஞர்களிடம் மட்டுமே இருந்த பறவையறிவைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. விடுதலைப் போராட்டக் காலத்தில் சிறையிலிருந்த நேரு, தம் மகள் இந்திராவுக்கு இந்நூலைப் பரிசாக அளித்தார். பின்னாளில் அமெரிக்க அறிஞர் தில்லான் ரிப்ளியுடன் இணைந்து, இந்தியத் துணைக்கண்டப் பறவைகள் அனைத்தையும் விளக்கும் பத்துத் தொகுதிகளை 1968 முதல் 1974 வரை வெளியிட்டார்.

அவருடைய ஆர்வத்துக்கு வயது தடையாக இருந்ததில்லை. 1950-இல் சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில் நடந்த பன்னாட்டுப் பறவையியல் மாநாட்டுக்குத் தம் மோட்டார் சைக்கிளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு சென்று, ஐரோப்பியச் சாலைகளில் ஓட்டி மாநாட்டை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 53.

கோடிக்கரையில்

காவிரிப் படுகை, வங்கக் கடலைத் தொடும் தென்கோடியில் உள்ளது கோடிக்கரை. வெளிமான்கள் திரியும் புல்வெளியும், உலர் பசுமைமாறாக் காடும், வேதாரணியத்தின் பரந்த சதுப்பு நிலமும் உப்பளங்களும் இங்கே அடுத்தடுத்து அமைந்துள்ளன. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலத்தில், வடக்கின் கடுங்குளிரிலிருந்து தப்பி உள்ளான்களும் வாத்துகளும் பெருங்கூட்டமாக இங்கு வருகின்றன. ஆழமற்ற நீரில் பூநாரைகள் வரிசையாக நின்று இரை தேடும்.

1962-ஆம் ஆண்டு, தம் 66-ஆம் வயதை நெருங்கிய சலீம் அலி, இவ்விடத்தின் அருமையை எடுத்துக்காட்டினார். 1967-இல் கோடிக்கரை வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

வலசைப் பறவைகளை அறிவதற்குப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடிக்கரையில் முகாம் அமைத்து வளையமிடும் பணியை மேற்கொண்டது. மெல்லிய வலையில் சிக்கும் பறவையைக் காயமின்றி எடுத்து, எடையும் சிறகின் நீளமும் அளந்து, எண்ணும் முகவரியும் பொறித்த சிறு வளையத்தைக் காலில் மாட்டி விடுவிப்பார்கள். அப்பறவை வேறொரு நாட்டில் மீண்டும் அகப்பட்டு, அதைக் கண்டவர் செய்தி அனுப்பும்போதுதான் பயணத்தின் பாதை தெரியவரும். எனவே, இவ்வறிவு ஆய்வாளர் ஒருவரால் மட்டும் உருவாவதன்று. எங்கோ இருக்கும் மீனவரும் உழவரும் மாணவரும் சேர்ந்து உருவாக்குவது. சிறுவயதில் துப்பாக்கியால் பறவையை அறியத் தொடங்கியவர், அதே பறவையை உயிரோடு பறக்கவிட்டு அறியும் முறைக்கு வழிகாட்டியானார்.

களம் சொன்ன திருத்தம்

இராசத்தானின் பரத்பூர் ஏரியைக் காப்பதில் சலீம் அலிக்குப் பெரும்பங்கு உண்டு. அது தேசியப் பூங்காவாக ஆனபோது, எருமைகள் மேய்வது பறவைகளுக்குக் கேடு என்று அறிஞர் பலர் கருதினர். சலீம் அலியின் கருத்தும் அதுவே. 1982-இல் மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த ஊர்மக்கள் எதிர்த்தனர். மோதலில் உயிரிழப்பும் நேர்ந்தது.

ஆனால், கழகத்தின் ஆய்வாளர்கள் அங்கேயே பல ஆண்டுகள் தங்கிச் செய்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது. எருமைகள் மேயாததால் நீரில் புல் அடர்ந்து பரவியது. திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. அதை நம்பிய பறவைகளுக்கு அது இடையூறாயிற்று. எருமையும் அந்த ஏரியின் வாழ்வில் ஓர் உறுப்பினர் என்பதைக் களம் காட்டியது. தலைசிறந்த அறிஞரின் கருத்தாயினும் களத்தில் சோதித்த பின்னரே ஏற்க வேண்டும் என்பது சலீம் அலி தம் வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்த நெறி. அவர் வளர்த்த கழகம் அந்நெறியை அவருடைய கருத்தின்மீதும் பொருத்திப் பார்த்தது. நல்ல ஆசிரியருக்கு மாணவர் செய்யும் மரியாதை இதனினும் பெரிதாக இருக்க இயலாது.

ஊர்மக்களை ஒதுக்கிவிட்டுப் பறவைகளைக் காக்க முடியாது என்பதற்குத் தமிழகத்தின் வேடந்தாங்கல் மற்றொரு சான்று. அங்கே கூடுகட்டும் பறவைகளைப் பல தலைமுறைகளாகக் காத்துவருபவர்கள் உழவர்களே. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை அவர்கள் தம் வயலிலேயே கண்டறிந்திருந்தனர்.

படுகையின் திறந்தவெளி வகுப்பறைகள்

காவிரிப் படுகையில் இத்தகைய வகுப்பறைகளுக்குக் குறைவில்லை. குடவாசலுக்குத் தென்மேற்கே, மன்னார்குடி வட்டத்தில் உள்ளது வடுவூர் ஏரி. தெற்கே, திருத்துறைப்பூண்டிப் பகுதியில் உள்ளது உதயமார்த்தாண்டபுரம் ஏரி. இரண்டும் பாசனத்துக்காக முன்னோர் அமைத்தவை. பின்னர்ப் பறவைகள் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டவை. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. மேட்டூர் அணையிலிருந்து வரும் நீரும் பருவமழையும் ஏரியை நிரப்பும்போது பறவைகள் வருகின்றன. நீர் வற்றும்போது அகல்கின்றன. அணை திறக்கும் நாளும், வாய்க்கால் தூர்வாரும் பணியும், சம்பா நடவும் பறவைகளின் வருகையோடு பிணைந்திருப்பதை இங்கே நேரில் காணலாம். நத்தைகுத்தி நாரை சேற்றில் நத்தையைத் தேடி உண்பதைப் பார்க்கும் மாணவர், உணவுச்சங்கிலி என்னும் பாடத்தைத் தம் ஊர் வயலிலேயே கற்கிறார். புவியியலும் உயிரியலும் கணக்கும் தமிழும் அந்த ஏரிக்கரையில் ஒன்றுசேர்கின்றன.

மாணவர்கள் அறிவியலுக்குப் பங்களிக்கும் வாய்ப்புகளும் உள்ளன. சலீம் அலி மறைந்த 1987-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறுகிறது. தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாள்களில் பறவைக் கணக்கெடுப்பை நடத்திவருகின்றனர். அதற்குச் சரணாலயத்துக்குச் செல்ல வேண்டுமென்பதுகூட இல்லை. வீட்டு வாசலிலோ வயல் வரப்பிலோ கால் மணிநேரம் நின்று, கண்ட பறவைகளை எண்ணிப் பதிந்தால் போதும். அன்று ஒரு சிறுவனுக்கு இழுப்பறைகளைத் திறந்துகாட்டிய கழகத்தைப் போல, இன்று இத்தகைய குழுக்கள் கேள்வியோடு வரும் மாணவர்களை வரவேற்கின்றன.

களத்துக்குச் செல்வோர்க்குக் கடமைகளும் உண்டு. கூட்டின் அருகே செல்லாமை, ஓசை எழுப்பாமை, முட்டையையும் குஞ்சையும் தொடாமை, குப்பையை விட்டுவராமை ஆகியன அடிப்படை ஒழுக்கங்கள். பார்வையாளரைக் கண்டு தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்தால், வெயில் சுடும் வேளையில் முட்டைகள் காக்கப்படாமல் கிடக்கும். நாம் கற்பதற்காகப் பறவை தன் குஞ்சை இழக்கக் கூடாது.

நிலைத்த பெயர்

இந்திய அரசு சலீம் அலிக்கு 1958-இல் பத்மபூஷண் விருதையும் 1976-இல் பத்மவிபூஷண் விருதையும் வழங்கியது. 1985-இல் அவர் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். பன்னாட்டு அமைப்பு ஒன்று வழங்கிய பெரும் பரிசுத்தொகையைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், இயற்கைப் பாதுகாப்பு நிதி ஒன்றைத் தொடங்கப் பயன்படுத்தினார். 1987-இல், தம் 90-ஆம் வயதில் மறைந்தார்.

தேனி மாவட்டத்தின் மேகமலைப் பகுதியில் கண்டறியப்பட்ட அரிய பழந்தின்னி வௌவால் ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. கோவை ஆனைகட்டியில் அமைந்த பறவையியல், இயற்கை வரலாற்று ஆய்வு மையமும் அவர் பெயரிலேயே இயங்குகிறது. பட்டம் இல்லை என்பதால் பணி மறுக்கப்பட்டவரின் பெயரில் அமைந்த நிறுவனத்தில், இன்று மாணவர்கள் ஆய்வுப் பட்டம் பெறுகிறார்கள். அவர் பிறந்த நாளான நவம்பர் 12, நாடெங்கும் பறவை நோக்கல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் காவிரிப் படுகையின் ஏரிகள் நிரம்பத் தொடங்கியிருக்கும். வலசைப் பறவைகளும் வந்து இறங்கியிருக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி வளாகத்திலோ அருகிலுள்ள நீர்நிலையிலோ ஒரு வாரம் நாள்தோறும் கால் மணிநேரம் பறவைகளை உற்றுநோக்கி, நாள், நேரம், வானிலை, பறவையின் பெயர், எண்ணிக்கை, செயல் ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் ஊரில் பறவைகளுக்கு வழங்கும் பெயர்களை உழவர்களிடமும் முதியோரிடமும் கேட்டுத் தொகுக்க. அப்பெயர்களுக்கான காரணங்களை வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. பறவைகளைப் பற்றி உங்கள் ஊரில் வழங்கும் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் உற்றுநோக்கலால் உறுதிசெய்யத்தக்க செய்திகள் எவை என ஆராய்ந்து கட்டுரை எழுதுக.